வானலையில் பெண் குரலும் பெண் பெயரும்: ஏலாக்குறிச்சி வட்டார வாய்மொழிப் பாடல் மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாட்டுப்புறப் பாடல்களில் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, கும்மி ஆகியவை பெரும்பாலும் பெண்களின் படைப்புகள். எனினும், நாட்டுப்புற இசையை மக்களிடம் கொண்டுசென்ற வானொலியிலும் அதன் பின்வந்த ஒலிப்பதிவு ஊடகங்களிலும் பெயர் அறியப்பட்ட நாட்டுப்புறப் பெண் கலைஞர்கள் மிகச் சிலரே. இம்முரணுக்கான காரணங்களை அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியையும் அப்பகுதிக்குரிய திருச்சிராப்பள்ளி வானொலியையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ‘பெண் குரல்’, ‘பெண் பெயர்’, ‘பெண் ஆக்கவுரிமை’ என்னும் மூன்றையும் பிரித்துக் காண வேண்டும் என்பது இதன் மையக் கருத்து.

முதன்மைச் சொற்கள்: நாட்டுப்புறப் பாடல், வானொலி, பெண் கலைஞர், ஒப்பாரி, அம்மானை, வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சி.

முன்னுரை

அமெரிக்காவில் ‘கன்ட்ரி’ எனப்படும் நாட்டுப்புறச் சார்புடைய இசைவகைக்குத் தனி வானொலி நிலையங்கள் பல உள்ளன. அந்நிலையங்களில் பெண் கலைஞர்களின் பாடல்கள் குறைந்துவருவது பற்றிய விவாதம் 2015-இல் வெளிப்படையாக எழுந்தது. கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், நிலையத்தின் நேயர் எண்ணிக்கை உயர வேண்டுமானால் பெண்களின் பாடல்களைக் குறைக்க வேண்டும் என்றார். ஆண் கலைஞர்களைக் காய்க்கலவையின் அடிப்படையான லெட்டூஸ் இலைக்கும், பெண் கலைஞர்களை அதன்மேல் தூவும் தக்காளிக்கும் அவர் ஒப்பிட்டது கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக இசையியலாளர் ஜாடா வாட்சன் 2000 முதல் 2018 வரையிலான ஒலிபரப்புப் பட்டியல்களை ஆராய்ந்தார். ஆண்டிறுதிப் பட்டியலில் 2000-இல் 33.3 விழுக்காடாக இருந்த பெண்களின் பாடல்கள் 2018-இல் 11.3 விழுக்காடாகச் சுருங்கியிருந்ததை அவ்வாய்வு காட்டியது. அடுத்தடுத்து இரு பெண்களின் பாடல்களை ஒலிபரப்பக் கூடாது என்னும் எழுதப்படாத வழக்கமும் இவ்விவாதத்தில் வெளிச்சத்துக்கு வந்தது.

தமிழ்ச் சூழலில் இவ்வினாவை அப்படியே எழுப்ப இயலாது. தமிழ் வானொலியில் பெண் குரல் அருகியதன்று; காலை பக்திப்பாடல் முதல் இரவுத் திரைப்பாடல் வரை அது நிறைந்து ஒலித்துள்ளது. எனவே தமிழ் ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா வேறு. ஒலித்த பெண் குரல் யாருடையது? பாடலை ஆக்கியவர் யார்? பாடல் முடிந்ததும் அறிவிப்பாளர் யார் பெயரைச் சொன்னார்? இவ்வினாக்கள் வழியே நோக்கும்போதுதான் வயலிலும் இழவு வீட்டிலும் தொட்டிலடியிலும் பாடிய பெண்ணின் இன்மை புலப்படுகிறது.

ஏலாக்குறிச்சி: ஓர் ஊரும் ஒரு முன்வரலாறும்

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தால் அறியப்படுவது. தமிழ் இலக்கிய வரலாற்றில் இவ்வூர் ‘திருக்காவலூர்’ என்னும் பெயரால் நிலைபெற்றது. அப்பெயரை நிலைபெறச் செய்தவர், இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழகத்தில் சமயப் பணியாற்றி 1747-இல் மறைந்த வீரமாமுனிவர். திருக்காவலூர்க் கலம்பகம் இத்தலத்து அன்னையைப் பாடுகிறது. அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை ஆகியவையும் அவர் படைப்புகளாக அறியப்படுபவை.

இப்படைப்புகளின் வடிவங்கள் இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை. அம்மானை என்பது மகளிர் காய்களை மேலெறிந்து பிடித்து ஆடும்போது பாடிய விளையாட்டுப் பாட்டு. கலம்பகத்தின் உறுப்புகளுள் ஒன்றாகவும் தனி இலக்கிய வகையாகவும் அது பின்னர் வளர்ந்தது. கித்தேரியம்மாள் அம்மானை ஒரு கன்னியின் வரலாற்றை அவ்வடிவில் சொல்கிறது. அன்னை அழுங்கல் அந்தாதியோ மகனை இழந்த தாயின் துயரைப் பாடுவது. அத்துயரைத் தமிழ் மக்கள் தம் வாழ்வில் நன்கறிந்த வடிவம் பெண்களின் ஒப்பாரியே.

இது வீரமாமுனிவர் புதிதாகத் தொடங்கிய வழியன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையும், வாழ்த்துக் காதையில் வரும் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு ஆகியவையும் மகளிர் ஆடலையும் பாடலையும் காப்பியத்துக்குள் கொண்டுவந்தவை. மாணிக்கவாசகர் திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல் எனப் பெண்கள் தொழிலிலும் விளையாட்டிலும் பாடிய வடிவங்களைப் பத்திமைப் பாடல்களாக்கினார். எழுத்திலக்கியம் பெண்களின் வாய்மொழி வடிவங்களைப் பேணியது உண்மை. ஆனால் பேணப்பட்டவை வடிவங்களே. அவற்றை முதலில் பாடிய பெண்களின் பெயர்கள் அல்ல. ஆண் புலவரின் பெயரோடு பெண்ணின் பாட்டு வடிவம் நிலைபெறும் இவ்வழக்கம் நெடியது. இருபதாம் நூற்றாண்டில் வானொலி வந்தபோது, புதிய கருவி பழைய வழக்கத்தின்மேல் வந்து அமர்ந்தது.

வானொலியும் இசைத் தகுதியும்

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. காவிரி, கொள்ளிடக் கரை ஊர்களுக்குத் திருச்சிராப்பள்ளியே நெடுங்காலம் அண்மை நிலையமாக விளங்கியது. ஏலாக்குறிச்சியும் அதன் ஒலிவட்டத்துக்குள் அடங்கும்.

தொடக்க கால வானொலி பெண்களுக்குக் கதவடைக்கவில்லை என்பதை முதலில் பதிவுசெய்ய வேண்டும். எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.கே.பட்டம்மாள், என்.சி.வசந்தகோகிலம், எம்.எல்.வசந்தகுமாரி எனக் கருநாடக இசையில் பெண்கள் புகழ்பெற்ற காலமும் வானொலியும் இசைத்தட்டும் பரவிய காலமும் ஒன்றே. மேடையேறப் பெண்கள் தயங்கிய சூழலில், உருவம் தெரியாமல் குரல் மட்டும் செல்லும் ஊடகம் அவர்களுக்கு ஒரு வாய்ப்பாக அமைந்தது. தென்னிந்தியக் குரலிசையை ஆராய்ந்த அமந்தா வைட்மன், இக்காலத்தில் ‘மதிப்புக்குரிய பெண் குரல்’ என்ற கருத்து உருவான விதத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். உடல் அசைவும் மெய்ப்பாடும் விலக்கப்பட்ட, இயல்பாக எழுவது போன்ற தூய குரலே குடும்பப் பெண்ணின் குரலாக ஏற்கப்பட்டது.

இம்மதிப்பு எல்லார்க்கும் கிட்டவில்லை. வட இந்திய நிலையங்களில் பரம்பரைப் பாடகியரும் ஆடற்கலைஞரும் ஒழுக்கத்தைக் காரணங்காட்டி விலக்கப்பட்டதை டேவிட் லெலிவெல்ட் எடுத்துக்காட்டியுள்ளார். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர் காலத்தில் குரல் தேர்வு முறை இறுக்கமாயிற்று. கலைஞர்களைத் தரவரிசைப்படுத்தும் முறை செவ்வியல் இசையின் அளவுகோல்களிலிருந்து எழுந்தது. சுருதிச் சேர்க்கை, தாளக் கட்டு, குரல் ஒழுங்கு, குறித்த நேரத்துக்குள் நிகழ்த்தும் திறன் ஆகியவையே அவ்வளவுகோல்கள். திரைப்பாடல்கள் புறக்கணிக்கப்பட்டதால் நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர்; 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டது. செவ்வியல் இசைக்கும் திரையிசைக்கும் இடையே நிகழ்ந்த இப்பெரும் போட்டியில், நாட்டுப்புறப் பாடல் ஒரு சிறு நேரத்துக்குரிய தனிப்பிரிவாகவே தங்கியது. அச்சிறு நேரத்துக்குள்தான் பெண்களின் பங்கும் அமைய வேண்டியிருந்தது.

பாடல் வகைகளும் ஒலிபரப்புத் தடைகளும்

பெண்களின் பாடல்கள் ஒலிபரப்புக்குள் அடங்காமைக்குப் பாடலின் சூழலே முதற்காரணம். ஒவ்வொரு வகையும் வெவ்வேறு தடையை எதிர்கொள்கிறது.

அ. ஒப்பாரி: இறப்புச் சூழலின்றி ஒப்பாரியைப் பாடுதல் தீநிமித்தமாகக் கருதப்படுகிறது. வீட்டுக்குள் அமர்ந்து பாடிக்காட்டப் பெண்கள் மறுப்பதைக் களப்பணியாளர் பலரும் கண்டுள்ளனர். இறந்தவரை எண்ணிப் பாடுபவள் அந்நேரத்திலேயே தன் வாழ்வை முன்வைத்துச் சொற்களைக் கட்டுகிறாள். தாய்வீட்டுச் சீர், உடன்பிறந்தானின் புறக்கணிப்பு, கைம்மையின் இழிவு ஆகியவை அவள் பாடுபொருள்கள். தமிழகச் சேரிப் பெண்களின் அழுகைப் பாடல்களை ஆராய்ந்த மார்கரெட் டிராவிக், அவற்றைச் சாதி, பாலின ஒடுக்குமுறை பற்றிய கூர்மையான விமர்சனங்களாகக் கண்டார். காலையில் மங்கல இசையோடு நிகழ்ச்சியைத் தொடங்கும் நிலையம் ஒன்று ஒப்பாரிக்கு இடம் தருவது எளிதன்று. பெண்ணின் மிகச் செறிவான ஆக்கவெளி ‘அமங்கலம்’ என்ற ஒரு சொல்லால் ஒலிபரப்பின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

ஆ. தாலாட்டு: இது மங்கலமானது, தடையற்றது. ஆனால் ஒரு குழந்தைக்காக, பக்கவாத்தியமின்றி, தாழ்ந்த குரலில், குழந்தை உறங்கும்வரை நீளும் பாட்டு. பத்து நிமிட நிகழ்ச்சிக்குள் வரும்போது அது சுருக்கப்படுகிறது. பின்னணி இசை சேர்க்கப்படுகிறது. பயிற்சி பெற்ற மெல்லிசைப் பாடகி அதைப் பாடுகிறார். பெண் குரல் ஒலிக்கிறது. ஆனால் தாலாட்டியவள் அங்கில்லை.

இ. நடவுப் பாட்டு: முன்னே ஒருத்தி பாட, வரிசையில் நிற்பவர்கள் பின்பாட்டாக ஏற்றுப் பாடுவது. கையின் வேகமும் காலடிச் சேறும் அதன் தாளத்தை அமைக்கின்றன. வயலிலிருந்து பிரித்து ஒலிப்பதிவு அறைக்குள் கொண்டுவந்தால் அத்தாளம் நிலைகுலைகிறது. குழுப் பாடலாதலால் ‘கலைஞர்’ என ஒருவரைச் சுட்டுவதும் நிருவாகத்துக்குக் கடினமாகிறது.

ஈ. கும்மி: விழாச் சூழலில் பொதுவெளியில் நிகழ்வதால் இது ஒலிபரப்புக்கு ஓரளவு இசைவானது. பள்ளி, கல்லூரி மாணவியர் வழியாகவும் இது வானொலியில் இடம்பெற இயலும். ஆனால் அவ்வாறு இடம்பெறும்போது அது கற்பிக்கப்பட்ட கலைநிகழ்ச்சியாகிறது.

இவற்றுக்கு மாறாக, ஆண்கள் முதன்மை பெறும் வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, நையாண்டி மேளம், கதைப்பாட்டு முதலியவை அவையோரை நோக்கி நிகழ்த்தப்படுபவை. தலைமைக் கலைஞர், பக்கவாத்தியம், தொடக்கம், முடிவு, ஊதியம் ஆகிய அனைத்தும் அவற்றில் முன்பே வரையறுக்கப்பட்டுள்ளன. வானொலி கேட்கும் ஒப்பந்த வடிவத்துக்குள் அவை எளிதில் பொருந்துகின்றன. பெண்ணை விலக்கும் எண்ணம் எவருக்கும் இல்லாத நிலையிலும், ‘நிகழ்ச்சி’ என்பதன் வரையறையே பெண்ணை விலக்கிவிடுகிறது என்பது இங்குக் கருதத்தக்கது.

வானொலி நெல்லும் வயல்வெளிப் பாட்டும்

திருச்சிராப்பள்ளி வானொலியின் வரலாற்றில் பெருமைக்குரிய ஒரு நிகழ்வு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்னும் நெல்வகை, 1960-களின் பிற்பகுதியில் தஞ்சைப் பகுதியில் வானொலியின் பண்ணை ஒலிபரப்பு வழியாகப் பரவியது. வானொலி கேட்டுப் பயிரிட்டமையால் உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஓர் ஊடகம் தன் ஒலிவட்டத்தில் உள்ள மக்களின் தொழிலை எவ்வளவு ஆழமாகத் தொட இயலும் என்பதற்கு இது சான்று.

அந்நெல்லின் நாற்றை நட்டவர்கள் பெண்கள். உழவர்க்கான செய்தி வானலை வழியே வயலுக்கு வந்தது. வயலிலிருந்து நடவுப் பாட்டு அதே அளவில் வானலைக்குத் திரும்பவில்லை. பண்ணை ஒலிபரப்பு ‘உழவர்’ என விளித்தபோது நிலமுடைய ஆணையே முதன்மையாகக் கருதியது. மகளிர் நிகழ்ச்சியோ சமையல், குழந்தை வளர்ப்பு, உடல்நலம் எனப் பெண்ணை இல்லத்துக்குரியவளாக அமைத்தது. நாட்டுப்புற இசை நிகழ்ச்சி ‘கலைஞரை’ நாடியது. வயலில் பாடிய கூலிப் பெண் இம்மூன்று பிரிவுகளுக்கும் இடையில் விடுபட்டாள். அவள் உழவரும் அல்லள், இல்லத்தரசியும் அல்லள், கலைஞரும் அல்லள்.

நடவு எந்திரமும் களைக்கொல்லியும் பரவிவரும் இன்றைய சூழலில் இவ்விடுபடலின் விளைவு கூடுதலாக உணரப்படுகிறது. தொழிற்சூழல் மறையும்போது தொழிற்பாட்டும் மறைகிறது. அப்பாட்டைப் பாடிய தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர்.

வெளிவந்த பெண்கள்: வழிகளும் எல்லைகளும்

தடைகளை மீறிப் பெயர்பெற்ற நாட்டுப்புறப் பெண் கலைஞர்கள் உள்ளனர். அவர்கள் வெளிவந்த வழிகளை நோக்கினால் மூன்று போக்குகள் தெரிகின்றன.

முதலாவது, திரைப்படத்தின் வழி. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி அறிமுகமானவர். எனினும் 1985-இல் வெளிவந்த ‘ஆண் பாவம்’ திரைப்படமே அவரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தது. பரவை முனியம்மா ஊர்தோறும் பாடிவந்தவர். 2003-இல் வெளிவந்த ‘தூள்’ திரைப்படத்துக்குப் பின்னரே பரவலாக அறியப்பட்டார். திரைப்படம் இருவருக்கும் புகழ் தந்தது. ஆனால் ‘கிராமத்துப் பாட்டி’ என்ற பாத்திரத்துக்குள் அவர்களை நிறுத்தியும் வைத்தது.

இரண்டாவது, கணவருடன் இணைந்து நிகழ்த்தும் வழி. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவர் நவநீதகிருஷ்ணனுடன் இணைந்து நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தும் பாடியும் பரப்பினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அனிதா குப்புசாமி, புஷ்பவனம் குப்புசாமியுடன் இணைந்து மேடைகளில் பாடிவருகிறார். இணை நிகழ்ச்சி பெண்ணுக்குப் பயணப் பாதுகாப்பையும் சமூக ஏற்பையும் தருகிறது. அதன் மறுபுறமாக, தனித்து இயங்க விரும்பும் பெண்ணுக்கு அவ்வேற்பு எளிதில் கிட்டுவதில்லை.

மூன்றாவது, இயக்கம் சார்ந்த கலைக்குழு. கே.ஏ.குணசேகரனின் ‘தன்னானே’ கலைக்குழு நாட்டுப்புற இசையைத் தலித் அரசியலோடு இணைத்தது. கிடாக்குழி மாரியம்மாள், சின்னப்பொண்ணு போன்றோர் குணசேகரனின் கலைச்சூழலில் வளர்ந்து மேடை கண்டவர்கள். 2017-இல் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் தொடக்கத்தில் 19 பேர் இருந்தனர். அவர்களுள் பெண் ஒருவரே: கானா பாடகி இசைவாணி. ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட கானாவைப் பாடியமைக்காக 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். சமத்துவத்தை முழக்கமாகக் கொண்ட குழுவிலும் பத்தொன்பதுக்கு ஒன்று என்னும் விகிதமே தொடக்கநிலையாக இருந்தது என்பது, கானா பாடும் பெண்கள் அதுவரை எவ்வளவு அரியவர்களாக இருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

மேற்சுட்டியோரில் கருப்பாயி, முனியம்மா, சின்னப்பொண்ணு ஆகியோர் மதுரை, சிவகங்கைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அரியலூர், பெரம்பலூர் பகுதியின் பெண் பாடகர் எவரும் மேற்சுட்டியோரில் இல்லை. வட்டார வேறுபாடும் பாலின வேறுபாட்டோடு சேர்ந்து இயங்குகிறது. நிலையம் உள்ள நகருக்கு ஒரு நாள் சென்று திரும்புவது கூலிப் பெண்ணுக்கு ஒரு நாள் ஊதியத்தை இழப்பதாகும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால் இரு நாள் ஊதியத்தை இழப்பதாகும்.

பெயரும் ஆக்கவுரிமையும்

நாட்டுப்புறப் பாடல்களை அச்சில் தொகுத்தவர்களின் பணி போற்றத்தக்கது. 1958-இல் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’, நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ ஆகியவை இத்துறைக்கு அடித்தளமிட்டவை. இத்தொகுப்பு மரபில் நாட்டுப்புறப் பாடல் ‘ஆசிரியர் பெயர் அறியப்படாதது’, ‘மக்கள் அனைவர்க்கும் பொதுவானது’ என்னும் வரையறை வலுப்பெற்றது. பாடல்களின் பொதுத்தன்மையை உணர்த்த அது பயன்பட்டது. ஆனால் ஒப்பாரியில் ஒருத்தி தன் வாழ்வைச் சொல்லாக்கிப் பாடும்போது, மரபுத்தொடர்களுக்கிடையே அவளுக்கே உரிய ஆக்கமும் உள்ளது. ‘பெயர் அறியப்படாதது’ என்பது சில இடங்களில் ‘பெயர் கேட்கப்படாதது’ என்பதன் மறுவடிவமே.

இவ்வரையறை ஒலிப்பதிவுத் தொழிலுக்குள் நுழையும்போது பொருளியல் விளைவை உண்டாக்குகிறது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை வலுப்படுத்தியது. ஆனால் பாடல் ‘மரபுப் பாடல்’ எனக் குறிக்கப்படுமானால் இயற்றியவர்க்குரிய உரிமை எழுவதில்லை; பதிவில் பாடாதவர்க்கு நிகழ்த்துநர் உரிமையும் இல்லை. பாடலைத் தந்த பெண் இரு வழியிலும் வெளியே நிற்கிறாள்.

2021-இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடல் இச்சிக்கலை உலக அரங்குக்குக் கொண்டுசென்றது. பாடலாசிரியர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் துயரும் அதன் பின்னணி. ஒப்பாரியின் கூறுகள் அதில் கலந்துள்ளன. பாடலின் பெருமை யாருக்குரியது என்னும் விவாதம் பின்னர் எழுந்தது. அவ்விவாதம் பெரிதும் பாடலாசிரியர், பாடகி, இசையமைப்பாளர் ஆகிய மூவரைச் சுற்றியே நிகழ்ந்தது. ஒப்பாரியை வழிவழியாக ஆக்கிக் காத்த பெண்களுக்குரிய பங்கு என்ன என்னும் வினா பின்தங்கியது. எனினும் தன் பாட்டியின் பெயரைப் பேரன் வெளிப்படச் சொன்னதும், அவர் உருவம் காணொலியில் இடம்பெற்றதும் ‘பெயர் அறியப்படாத’ மரபிலிருந்து ஒரு விலகல் எனலாம்.

பங்கேற்பை அளக்கும் முறை

பெண்களின் பங்கேற்பைக் குறித்த பேச்சு பெரும்பாலும் பொதுக்கூற்றாகவே முடிகிறது. ஜாடா வாட்சனின் ஆய்வு வலுப்பெற்றது எண்களால். தமிழ் வானொலி நிகழ்ச்சிப் பட்டியல்களையும் ஒலிக்களஞ்சியங்களையும் ஆராய்வதற்குப் பின்வரும் ஐந்து அளவைகள் உதவக்கூடும்.

1. குரல்: பாடுவது பெண்ணா, ஆணா, இருபாலரும் இணைந்தா?

2. பெயர்: அறிவிப்பிலும் பதிவேட்டிலும் பாடியவரின் பெயர் உள்ளதா? அல்லது ‘குழுவினர்’ என்று மட்டும் உள்ளதா?

3. தலைமை: குழுவின் தலைவராகப் பெண் குறிக்கப்படுகிறாரா? ஊதிய ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளது?

4. ஆக்கம்: பாடல் யாரிடமிருந்து, எவ்வூரில், எச்சூழலில் பெறப்பட்டது என்ற குறிப்பு உள்ளதா?

5. நேரம்: நிகழ்ச்சி ஒலித்த நேரம் நேயர் மிகுந்த நேரமா, அருகிய நேரமா?

முதல் அளவையை மட்டும் கொண்டால் தமிழ் வானொலியில் பெண்களின் பங்கு நிறைவானதாகத் தோன்றக்கூடும். இரண்டாம், மூன்றாம், நான்காம் அளவைகளை இணைத்தால்தான் உண்மை நிலை புலப்படும். திருச்சிராப்பள்ளி போன்ற நெடிய வரலாறுடைய நிலையத்தின் பதிவேடுகள் இத்தகைய ஆய்வுக்கு உரிய மூலங்கள்.

மாற்று வழிகள்

தெலங்கானாவின் மாச்சனூரில் 2008 அக்டோபர் 15 அன்று தொடங்கப்பட்ட ‘சங்கம் ரேடியோ’ ஒரு முன்மாதிரி. தக்காண வளர்ச்சிக் கழகத்தின் துணையோடு தலித் பெண்களே நடத்தும் அந்நிலையத்தில், விதை, வேளாண்மை, உள்ளூர்ப் பாடல் ஆகியவை ஒரே நிகழ்ச்சி ஓட்டத்தில் அமைகின்றன. உழவர், இல்லத்தரசி, கலைஞர் என்னும் பிரிவினை அங்கு இல்லை. பாடுபவளே ஒலிப்பதிவும் செய்கிறாள். தமிழகத்தில் 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் வளாகச் சமூக வானொலிக்கு வழிகாட்டியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்க வழி திறக்கப்பட்டது. கொள்ளிடக் கரையின் ஊர்களுக்கு இத்தகைய சிறு நிலையம் பொருந்துவதாகும். பெண் நகருக்குச் செல்லாமல், ஒலிவாங்கி அவளிருக்கும் இடத்துக்கு வரும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. முதுகலை, ஆய்வியல் நிறைஞர் பட்டங்களுக்காகத் தொகுக்கப்பட்ட நாட்டுப்புறப் பாடல்களுக்கான ஒலிப்பதிவுகள் பல துறைகளில் முறையாகப் பேணப்படவில்லை. பாடியவரின் இசைவு, பெயர், ஊர், பாடிய சூழல் ஆகியவற்றோடு அவற்றை எண்முறையில் பாதுகாப்பது முதற்பணி. ஒப்பாரி போன்ற வகைகளில், பெயரை வெளியிட விரும்பாத பெண்ணின் விருப்பத்தையும் மதிக்க வேண்டும். பெயர் சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவள் முடிவாக இருத்தலே ஆக்கவுரிமையின் முதற்படி.

தொகுப்புரை

1. தமிழ் வானொலியில் பெண் குரல் மிகுதியாகவும், நாட்டுப்புறப் பெண் கலைஞர் அரிதாகவும் உள்ளனர். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பிழை.

2. பெண்களின் வாய்மொழி வடிவங்களை ஏற்று, ஆக்கியவரின் பெயரை விடுக்கும் வழக்கம் எழுத்திலக்கியத்திலேயே தொடங்கியது. ஏலாக்குறிச்சியோடு தொடர்புடைய வீரமாமுனிவரின் படைப்புகள் அவ்வடிவங்களின் வலிமைக்கும் அப்பெயரின்மைக்கும் ஒருங்கே சான்றாகின்றன.

3. குரல் தேர்வு, கால அளவு, பக்கவாத்தியம், மங்கல–அமங்கலப் பாகுபாடு, நிகழ்ச்சிப் பிரிவினை ஆகியவை இணைந்து, வெளிப்படையான தடையின்றியே பெண்களை விலக்கின.

4. வெளிவந்த பெண் கலைஞர்கள் திரைப்படம், கணவர், இயக்கக் குழு ஆகிய இடைநிலைகள் வழியாகவே பெரிதும் வெளிவந்தனர். ஊர்ப் பெண் நேரடியாக வானொலிக்குச் செல்லும் வழி குறுகியதாகவே இருந்தது.

5. பங்கேற்பைக் குரலால் மட்டும் அளவிடாது பெயர், தலைமை, ஆக்கம், நேரம் ஆகியவற்றாலும் அளவிடுதல் வேண்டும்.

திருக்காவலூர் அன்னையைப் பாடிய புலவரின் பெயர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது. அதே மண்ணில் தாலாட்டியும் நட்டும் அழுதும் பாடிய பெண்களுள், முதுமையுற்ற கடைசித் தலைமுறையினர் இன்னும் வாழ்கின்றனர். அவர்களின் பெயர்களைக் கேட்டெழுதும் காலம் இதுவே.